பாயான் லெப்பாஸ் நிரலாளரின் மேசை

பினாங்கின் மென்பொருள் வேலையில் பெரும் பங்கு சில்லுக்கும் சர்க்யூட் பலகைக்கும் பக்கத்திலேயே நடக்கிறது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் உருவானபோது இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கர்ட் போன்ற நிறுவனங்கள் அங்கே ஆலை வைத்தன. முதலில் பொருத்துவதும் சோதிப்பதும்தான் வேலை. வடிவமைப்பு பிறகு வந்தது, அதோடு கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரும் வந்தது. ஹியூலட் பேக்கர்டின் அளவீட்டுக் கருவிப் பிரிவு 1999-இல் ஏஜிலன்ட் ஆனது, அதன் மின்னணு அளவீட்டுப் பிரிவு 2014-இல் கீசைட் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. தீவில் அந்தப் பணி இன்றும் தொடர்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் மின்னணுவியல் படித்தவர்களும் உண்டு, கணினி அறிவியல் படித்தவர்களும் உண்டு. நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் மின்னணுவியல் படித்தவர்கள் வரும் முக்கியமான வழி. 1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் வேலையில் இருப்பவர்களுக்கும் பயிற்சி தருகிறது. முதல் வகையினர் மின்சுற்றைப் படிப்பார்கள், நிரலை ஒழுங்காகப் பிரித்து எழுதத் தடுமாறுவார்கள். இரண்டாம் வகையினருக்கு நேர்மாறு. அடுத்தவரின் கலையைக் கற்றுக்கொள்ளாமல் இருவராலும் நிலைக்க முடியாது.

மேசையில் சி மொழிக் கம்பைலர், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், ஜேடேக் வழியாக இயங்கும் டீபக்கர், சீரியல் கேபிள், லாஜிக் அனலைசர், ஆசிலாஸ்கோப் ஆகியவை இருக்கும். நிலைமின் சில்லைக் கெடுத்துவிடும் என்பதால் மணிக்கட்டில் எர்த் பட்டையும் வேண்டும். எடிட்டர் எதுவானாலும் சரி, அதைப் பற்றிய வாக்குவாதம் நேர விரயமே. ஆசிலாஸ்கோப்பைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிவதுதான் முக்கியம். பழுது நிரலிலா கம்பியிலா என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல வேண்டும்.

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது, ஓடும் நிரலை இடைமறிக்கும் சைகையான இன்டரப்ட். இன்டரப்ட் வந்ததும் ஒரு கொடி 1 ஆகிறது, முதன்மை நிரல் அதற்காகச் சுழன்று காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனைக்கான பில்டில் எல்லாம் நன்றாக ஓடும். ஆப்டிமைசேஷனைக் கூட்டியதும் நிரல் அங்கேயே நின்றுவிடும். அந்தச் சுழற்சிக்குள் கொடியை மாற்றும் வரி எதுவும் இல்லாததால், கம்பைலர் அதை ஒருமுறை மட்டும் படித்து ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்கிறது. அந்தக் கொடி மாறியை வாலட்டைல் என்று அறிவித்தால் ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கும்.

அத்துடன் வேலை முடிவதில்லை. 8 பிட் சில்லில் 16 பிட் எண்ணியை இரண்டு தடவையாகத்தான் படிக்க முடியும். எண்ணி 255-இல் இருக்கும்போது கீழ் பைட்டைப் படித்த கணத்தில் இன்டரப்ட் வந்து அதை 256 ஆக்கினால், பழைய கீழ் பைட்டும் புதிய மேல் பைட்டும் சேர்ந்து 511 கிடைக்கும். வாலட்டைல் இதைத் தடுக்காது. படிக்கும் அந்தச் சிறு நேரத்துக்கு இன்டரப்டை நிறுத்தி வைக்க வேண்டும். என்றைக்கோ ஒருமுறை தலைகாட்டும் இத்தகைய பழுது சோதனையில் தப்பி, வாடிக்கையாளர் கையில் வெடிக்கும். ஆகவே இன்டரப்டும் முதன்மை நிரலும் பகிரும் மாறிகளை எல்லாம் ஒரே கோப்பில் வைத்து, அங்கே மட்டுமே தொடும் பழக்கம் பெரிதும் உதவும்.

1998-இல் முதன்முதலாக வெளியான மிஸ்ரா சி என்னும் சி மொழி நிரலாக்க விதிகள் வாகன மென்பொருளுக்காக எழுந்தவை. மற்ற துறையினரும் அவற்றைப் படிப்பது நல்லது. கம்பைலர் எச்சரிக்கை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. ஒரு கமிட்டில் ஒரே மாற்றம், அதுவும் தனியாக பில்ட் ஆக வேண்டும். இந்த ஒழுங்கு இருந்தால் கிட் பைசெக்ட் ஆயிரம் கமிட்டுகளுக்குள் பழுது நுழைந்த இடத்தைச் சுமார் பத்தே சோதனையில் காட்டிவிடும். தமிழ், மலாய், ஹொக்கியன் என்று பேச்சு கலந்து ஓடும் குழுக்களில் வாய்மொழியாக எடுக்கும் முடிவு எளிதில் தொலைந்துபோகும். ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதைக் கமிட் குறிப்பிலேயே முழு வாக்கியமாக எழுதிவைக்க வேண்டும்.

வெளியே அனுப்பும் ஒவ்வொரு ஃபர்ம்வேரிலும் பதிப்பு எண்ணோடு கமிட் அடையாளமும் பதிந்திருக்க வேண்டும். கடைசியாக ரீசெட் ஆனது எதனால், மின்தடையாலா, நிரல் நின்றுபோனால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக்காலா என்பதையும் கருவி நினைவில் வைத்திருக்க வேண்டும். நினைவகத்தில் இடமிருந்தால் பழைய பதிப்பை அழிக்காமல் வைத்து, புதியது செக்சம் சோதனையில் தேறாவிட்டால் பூட்லோடர் பழையதையே ஓட்டும்படி அமைப்பது பாதுகாப்பானது.