ஆங்கிலம் கற்போம்: பறித்தலுக்கு எத்தனை சொல்?



பறித்தான், பிடுங்கினான், அபகரித்தான், கைப்பற்றினான், சூறையாடினான் என்று தமிழில் எத்தனை சொல் இருக்கு! ஆனா இங்கிலீஷ் பரீட்சையில் பல பேர் எல்லாத்துக்கும் 'டுக்' என்றே எழுதி வச்சிடுறாங்க. மேசையில் இருந்த பேனாவை எடுத்தவனும் 'டுக்', கழுத்துச் சங்கிலியை அறுத்தவனும் 'டுக்' என்றால் எப்படி? பலவந்தம் அதில் தெரியவே தெரியாது. அதனால் நான் படித்துத் தொகுத்த சில சொற்களை இங்கே தருகிறேன்.

1. ஸ்னாச்: வெடுக்கெனப் பிடுங்குதல். பைக்கில் வந்து செயினை அறுத்துட்டுப் போவதை 'செயின் ஸ்னாச்சிங்' என்று பேப்பரில் போடுவது இதனால்தான்.

2. ஸ்டீல்: ஆள் அறியாமல் திருடுதல். (ஸ்டீல், ஸ்டோல், ஸ்டோலன்)

3. ராப்: அடித்தோ மிரட்டியோ பறித்தல். இங்கே ஒரு இலக்கணம் கவனிக்கணும். ஸ்டீலுக்குப் பின்னால் பொருள் வரும். ராபுக்குப் பின்னால் ஆள் வரும். 'ஹி ஸ்டோல் மை வாட்ச்' சரி. 'ஹி ராப்டு மீ ஆஃப் மை வாட்ச்' சரி. 'ஹி ராப்டு மை வாட்ச்' என்று எழுதினால் தப்பு.

4. சீஸ்: அதிகாரத்தாலோ பலத்தாலோ கைப்பற்றுதல். கேரளாவுக்குக் கடத்தும் ரேஷன் அரிசியைப் போலீஸ் பிடித்தால் 'சீஸ்டு'. ஸ்பெல்லிங்கில் இ முதலில், ஐ அடுத்தது. கோட்டை முற்றுகைக்குச் சொல்லும் 'சீஜ்' என்பதில் ஐ முதலில், இ அடுத்தது. இரண்டையும் குழப்பக் கூடாது.

5. கேப்சர்: சண்டையில் பிடித்தல். நம்ம பக்கத்து ஊர் குளச்சலில் 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை வென்றது. டிலனாய் சிறைப்பட்டார். 'டிலனாய் வாஸ் கேப்சர்டு' என்று எழுதலாம். பிறகு அவரே திருவிதாங்கூர் படைக்குத் தளபதி ஆனார். கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது.

6. லூட்: கொள்ளையடித்தல். இது இந்தியிலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொல்! 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவின் அரண்மனையிலிருந்து எடுத்துச் சென்ற மரப்புலி, இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. இதை 'அக்வயர்டு' என்று எழுதினால் கடையில் வாங்கியது போல இருக்கும். 'லூட்டட்' என்றால்தான் நடந்தது விளங்கும்.

இனி முக்கியமான விஷயம். வினைச்சொல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. செய்தவன் யார் என்பதும் வாக்கியத்தில் இருக்கணும்.

நம் மாவட்டத்தில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தை எல்லோரும் அறிவோம். மேலாடை அணிந்த பெண்களிடமிருந்து அந்தத் துணியை ஆதிக்க சாதியார் பலவந்தமாக உருவிக் கிழித்தார்கள். இதை 'தி அப்பர் குளோத்ஸ் வேர் ரிமூவ்டு' என்று எழுதிப் பாருங்கள். இலக்கணம் சரிதான். ஆனா கிழித்தவன் எங்கே? செயப்பாட்டு வினைக்குள்ளே ஒளிஞ்சுட்டான். 'ரிமூவ்டு' என்பதோ துணியைத் தானே கழற்றி வைத்தது போலக் கேட்கிறது. 'மென் டோர் தி அப்பர் குளோத்ஸ் ஆஃப் தி விமென்' என்று எழுதினால் செய்தவனும் தெரிகிறான், பலவந்தமும் தெரிகிறது.

1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்து அறிவிப்பு வெளியிட்டார். உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை அப்போதும் இருந்தது. இதற்கு 'தி கிங் கேவ்' என்று மட்டும் எழுதினால் போராடினவர்கள் காணாமல் போவார்கள். 'தி விமென் வொன்' என்றும் சேர்த்து எழுதுவோம்.

ஆகவே எழுதும் முன் மூன்று கேள்வி: எடுத்தவர் யார்? யாரிடமிருந்து? எப்படி எடுத்தார்?

பயிற்சி: பொருத்தமான சொல்லை இடுக. (ஸ்டோல், ஸ்னாச்டு, சீஸ்டு)
அ) குரங்கு என் கையிலிருந்த பழத்தை ........
ஆ) அதிகாரிகள் கடத்தல் மண்ணெண்ணெயை ........
இ) நாங்கள் உறங்கும்போது எவனோ கோழியை ........

விடை தெரிந்தவர்கள் வகுப்பில் சொல்லுங்கள்.