பிளஸ் டூவுக்குப் பின் கல்லூரியா, முழுநேர ஆட்டமா? விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேல்பட்டாம்பாக்கத்திலோ நெல்லிக்குப்பத்திலோ ஆடத் தொடங்கி மாவட்ட அணி வரை வந்த பிள்ளையின் வீட்டில், பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இந்தப் பேச்சு எழும். என் பதில்: கல்லூரியில் சேருங்கள், ஆட்டத்தையும் விடாதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு.

முதல் படி: உங்கள் ஆட்டத்தை எடைபோடுங்கள்

அந்த விதிவிலக்கு குகேஷ். நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை நிறுத்தியவர், 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சதுரங்க சாம்பியனானார். உங்கள் பிள்ளையும் இந்த வயதிலேயே உலக அளவில் ஜெயித்துக்கொண்டிருந்தால் அந்த வழியை யோசிக்கலாம். ஆனால் சதுரங்க வீரர் ஆனந்த் லயோலா கல்லூரியில் பி.காம். படித்தவர், கிரிக்கெட் வீரர் அஸ்வின் பி.டெக். முடித்தவர். கபடி, கால்பந்து, வாலிபால் பிள்ளைகளுக்கு இவர்கள் வழிதான் பொருந்தும். புரோ கபடி சீசன் சில மாதங்கள்தான். முட்டியில் ஜவ்வு கிழிந்தால் அடுத்த ஏலத்தில் பெயரே வராது.

இரண்டாம் படி: வேலைக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் பதக்கம் மட்டும் போதாது. பத்தாம் வகுப்புக்கு லெவல் 1, பிளஸ் டூவுக்கு 2, 3. லெவல் 4, 5 வேண்டுமென்றால் பட்டம் கட்டாயம். தமிழ்நாடு காவல்துறையிலும் அப்படித்தான்: இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு போதும், எஸ்.ஐ. தேர்வுக்குப் பட்டம் வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீதம் ஒதுக்கீடும் உண்டு. நம் கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடியவர், காவல்துறையில் எஸ்.ஐ. ஆகவும் இருப்பவர். நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அவருடையதுதான்.

மூன்றாம் படி: பி.டி.யைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்

கட்டடத்தைப் பார்த்துக் கல்லூரியை முடிவு செய்யாதீர்கள். உடற்கல்வி இயக்குநரிடம் (பி.டி.) நேரில் கேளுங்கள்: உங்கள் ஆட்டத்துக்கு அணி இருக்கிறதா? போட்டி நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி வருகைப்பதிவு) கிடைக்குமா? காலைப் பயிற்சி தினமும் நடக்கிறதா? கடலூர் தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறையே உண்டு. சிதம்பரம் நம் ரயில் பாதையில்தான். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணி. அங்கிருந்து, 2020-ல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டி வரை போகலாம். விளையாட்டுச் சான்றிதழ்களின் அசலை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

நான்காம் படி: நடுவில் ஒப்பந்தம் வந்தால்

தாராளமாகப் போங்கள். கையெழுத்துக்கு முன், காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, சம்பளம் நிற்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அரியர் தேர்வுகளை எப்போது எழுதலாம் என்று துறைத்தலைவரிடம் பேசுங்கள். வருகைப்பதிவு தேறாது என்றால் தொலைநிலைக் கல்விக்கு மாறலாம். அங்கே இடம் உறுதியாகும் வரை டி.சி. வாங்க வேண்டாம்.