1976: நிலம் நடுங்கிய ஆண்டு

உலகப் படத்தை விரித்து, மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலாவைத் தேடுங்கள். 1976 பிப்ரவரி 4, அதிகாலை 3 மணி. மோட்டாகுவா பிளவு நெடுகச் சுமார் 230 கிலோமீட்டருக்கு நிலம் விலகி நகர்ந்தது. வயல்களில் நேராக ஓடிய உழவுச் சால்கள் அறுபட்டு, சுமார் ஒரு மீட்டர் தள்ளித் தொடர்ந்தன! ஏறக்குறைய 23,000 பேர் மாண்டனர். சுடாத மண் செங்கல் சுவர்கள் உறங்கியவர்கள்மேல் சரிந்ததே பெருங்கேடு.

வட அமெரிக்கத் தட்டும் கரீபியன் தட்டும் உரசும் இடம் அது, ஆகவே வியப்பில்லை. அவ்வாண்டே இத்தாலி, பிலிப்பைன்ஸ், துருக்கி நாடுகளும் அடிபட்டன. ஆனால் சீனாவின் டாங்ஷானைப் பாருங்கள். அது தட்டின் விளிம்பன்று, உட்பகுதி! ஆயினும் விளிம்புகளில் ஏற்படும் அழுத்தம் உள்ளே இருக்கும் பழைய பிளவுகளிலும் மெல்லச் சேர்கிறது. ஜூலை 28 அதிகாலை 3.42க்கு அது விடுபட்டது. அரசுக் கணக்குப்படி இறந்தோர் 2,42,000 பேர்.

இன்னும் ஒன்று. முந்தைய ஆண்டில், 1975 பிப்ரவரி 4 அன்று, அதே சீனாவின் ஹைச்செங்கில் மக்கள் முன்கூட்டியே வீடுகளைவிட்டு வெளியேறிப் பிழைத்தனர். அங்கே சிறு அதிர்வுகள் பல முன்னதாக வந்து எச்சரித்தன. டாங்ஷானில் அத்தகைய முன்னதிர்வுகள் வரவில்லை.