சுழல்குமிழும் சொடக்கும்

நுழையும்முன்

நாள்தோறும் நம் கை தொடும் பொருள்களுள் சுவரில் உள்ள சுவிட்சும் ஒன்று. ஆயினும், அதனுள்ளே என்ன நிகழ்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஒரு கருவியை வடிவமைப்பவர் மின்சாரத்தை மட்டும் அறிந்தால் போதுமா? அக்கருவியைத் தொடப்போகும் கையையும் அறிந்திருக்க வேண்டுமா? இவ்வினாவுக்கு விடை தேடுவோம், வாருங்கள்.

1. ஆச்சியின் இரவு

சித்திரை மாதம். நாக்பூரில் வெயில் கடுமையாக இருந்தது. எம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தியின் வீட்டிற்கு, திருநெல்வேலியிலிருந்து அவளுடைய ஆச்சி வந்திருந்தார். ஒருநாள் நள்ளிரவில் அம்மாணவி கண்விழித்தாள். ஆச்சி கட்டிலில் அமர்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். தலைக்குமேல் மின்விசிறி மிக மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"ஏன் ஆச்சி, விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளலாமே?" என்று கேட்டாள்.

"கூட்டத்தான் பார்த்தேன். அந்த உருண்டை என் விரலுக்குள் நிற்கமாட்டேன் என்கிறது. நாளெல்லாம் படித்துவிட்டுத் தூங்குகிற பிள்ளையை எழுப்புவானேன் என்று இருந்துவிட்டேன்" என்றார் ஆச்சி.

மூட்டுவலியால் ஆச்சியின் விரல்கள் வீங்கியிருந்தன. மறுநாள் தமிழ் வகுப்பில் அம்மாணவி எழுந்து கேட்டாள்: "ஐயா, குறை ஆச்சியின் கையிலா, அந்தக் குமிழிலா?"

வகுப்பு அமைதியாயிற்று. நல்ல வினா, உடனே விடை சொல்லிவிடக் கூடாத வினாவும்கூட. அடுத்த வாரம், பழம்பொருள் கடையில் வாங்கிய சுழல் சுவிட்சு ஒன்றை வகுப்பிற்கு எடுத்துச் சென்றேன். எந்த மின்கம்பியுடனும் இணைக்கப்படாத அப்பழஞ்சுவிட்சை, இயற்பியல் ஆசிரியரின் துணையோடு மேசைமேல் வைத்துத் திறந்தோம். ரெகுலேட்டரின் குமிழைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அதற்கு மூத்த உறவான சுழல் சுவிட்சை முதலில் அறிய வேண்டும்.

2. பீங்கானுக்குள் ஒரு பொறி

இன்று நாம் விரலால் அழுத்தும் சுவிட்சுகள் பரவுவதற்கு முன், ஐரோப்பிய, அமெரிக்க வீடுகள் பலவற்றில் விளக்கை ஏற்றவும் அணைக்கவும் சுவரில் ஒரு குமிழைத் திருகினார்கள். அதற்கு முன்பு எரிவாயு விளக்கின் திருகைத் திருப்பிப் பழகிய கைகளுக்கு அது புதுமையாகத் தோன்றியிராது.

அத்தகைய சுவிட்சின் அடித்தளம் வட்டமான பீங்கானால் ஆனது. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது, எளிதில் தீப்பற்றாது. அப்பீங்கான்மேல் எதிரெதிராக இரண்டு பித்தளைத் தொடுமுனைகள் இருந்தன. நடுவில் ஓர் அச்சு. அந்த அச்சோடு சுழலும் உலோகப் பாலம் ஒன்று, இரு தொடுமுனைகளையும் ஒருசேரத் தொட்டால் மின்சுற்று மூடும், விளக்கு எரியும். பாலம் கால்வட்டம் சுழன்று விலகினால் சுற்று திறக்கும், விளக்கு அணையும். மேலும் கால்வட்டம் திருப்பினால் மீண்டும் எரியும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பாலம் விலகும்போது அதன் இரு முனைகளும் ஒரே நேரத்தில் தொடுமுனைகளை விட்டு நீங்குகின்றன. எனவே மின்பாதையில் ஓரிடத்தில் அன்றி, ஈரிடங்களில் இடைவெளி உண்டாகிறது.

"பாலத்தைக் குமிழோடு நேரே பிணைத்துவிட்டால் போதாதா? இடையில் இந்தச் சுருள்வில் எதற்கு?" என்று ஒரு மாணவன் கேட்டான். இந்தக் கருவியின் உயிர் அந்தச் சுருள்வில்லில்தான் இருக்கிறது.

3. கை மெல்ல, வில் விரைய

மின்னோட்டம் பாயும் இரு உலோகங்களை மெல்லப் பிரித்தால் என்ன ஆகும்? கடைசியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு புள்ளி கடுமையாகச் சூடேறும். அவ்விடத்து உலோகம் உருகி ஆவியாகும். இடையிலுள்ள காற்றும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். உலோகங்கள் பிரிந்த பிறகும் இடைவெளியில் ஒளிமிக்க தீச்சுடர்போல மின்னோட்டம் தொடரும். இதனை மின்வில் என்பர். மின்வில்லின் வெப்பம் பல ஆயிரம் பாகை செல்சியசு. செம்போ 1085 பாகையிலேயே உருகிவிடும். எனவே, மெல்லப் பிரியும் தொடுமுனைகள் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகக் கருகும். நாளடைவில் தீ விபத்துக்கும் வழியாகும்.

ஆகவே, தொடுமுனைகள் மிக விரைவாகப் பிரிய வேண்டும். ஆனால், எல்லாரும் ஒரே வேகத்தில் திருப்புவார்களா? குழந்தை மெல்லத் திருப்பும்; உறக்கக் கலக்கத்தில் இருப்பவர் பாதியில் நிறுத்திவிடுவார். கருவியின் பாதுகாப்பு கையின் வேகத்தை நம்பி இருக்கக் கூடாது. இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்னும் பொறியாளர். தொடுமுனைகளை நொடிப்பொழுதில் பிரிக்கும் சுவிட்சை அவர் 1884-ஆம் ஆண்டில் உருவாக்கினார்.

சுழல் சுவிட்சில் இவ்விரைவு எவ்வாறு கிடைக்கிறது? நீங்கள் சொடக்குப் போடுவதை நினைத்துப் பாருங்கள். நடுவிரலைக் கட்டைவிரலோடு சேர்த்து அழுத்துகிறீர்கள். அப்போது எந்த ஒலியும் இல்லை, அசைவும் இல்லை. ஆனால், விரலில் விசை சேர்ந்துகொண்டே இருக்கிறது. கட்டைவிரலின் தடை நழுவியவுடன் நடுவிரல் பாய்ந்து உள்ளங்கையில் மோதுகிறது. 'டக்' என்ற ஒலி பிறக்கிறது. எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் விரல் பாயும் வேகம் குறைவதில்லை.

சுழல் சுவிட்சும் இவ்வாறே இயங்குகிறது. குமிழைத் திருப்பும்போது முதலில் சுருள்வில் மட்டுமே முறுக்கேறுகிறது. பாலத்தை ஒரு தடை பிடித்து நிறுத்தியிருக்கிறது. குறிப்பிட்ட அளவு திரும்பியதும் தடை விலகுகிறது. சுருள்வில் பாலத்தை அடுத்த நிலைக்குத் தள்ளிவிடுகிறது. கை மெல்லத் திருப்பினாலும் வில் விரைந்து பிரிக்கிறது. சுருங்கச் சொன்னால், இது சுவரில் பதித்த ஒரு சொடக்கு.

அக்காலத்தில் இவ்விரைவு இன்றியமையாததாக இருந்தது. 1899-இல் கொல்கத்தாவில் மின்வழங்கல் தொடங்கியபோது வழங்கப்பட்டது நேர்மின்னோட்டமே. நேர்மின்னோட்டம் ஓய்வின்றி ஒரே திசையில் பாய்வதால் அதன் மின்வில் எளிதில் அணையாது. இன்று நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். அது ஒரு நொடியில் நூறு முறை சுழி நிலையைத் தொட்டுச் செல்வதால், மின்வில் தானே தளர்ந்து அணைய வாய்ப்புக் கிடைக்கிறது.

4. கைக்குச் செய்தி சொல்லும் வடிவம்

இதுவரை கண்டது உள்ளே உள்ள பொறி. இனி, வெளியே உள்ள குமிழைக் காண்போம்.

பழைய சுழல் சுவிட்சுகள் பலவற்றில் கைப்பிடி உருண்டையாக இராது. தட்டையான சிறகுபோல நீண்டிருக்கும். அதனால் இரு பயன்கள் உண்டு. முதலாவது, கைப்பிடி கிடைமட்டமாக உள்ளதா, நிமிர்ந்து நிற்கிறதா என்பதைக் கண்ணால் கண்டோ, இருளில் கையால் தடவியோ சுவிட்சின் நிலையை அறியலாம். முழு வட்டமான குமிழோ எவ்வளவு திருப்பினாலும் ஒரே தோற்றம் தரும். இரண்டாவது பயனைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

கை தொடும் பகுதி மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. 1907-ஆம் ஆண்டில், பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லேண்ட் என்னும் வேதியியலாளர் பேக்கலைட்டு என்னும் செயற்கைப் பொருளைக் கண்டுபிடித்தார். அச்சில் வார்க்க எளிது, சூட்டைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது. சுவிட்சின் மூடியும் கைப்பிடியும் அதனால் செய்யப்படலாயின.

5. விளக்கை விட்டு விசிறிக்கு

பின்னர், ஒரு விரலால் தள்ளினாலே இயங்கும் சுவிட்சுகள் பரவின. கை நிறையப் பொருள் வைத்திருப்பவர் முழங்கையாலும் அவற்றை இயக்கலாம். விளக்கு கேட்பது ஒரே வினா: எரிய வேண்டுமா, வேண்டாவா? அதற்கு ஒரு தள்ளு போதும்.

மின்விசிறி கேட்பது வேறு வினா: எவ்வளவு? ஒன்றா, மூன்றா, ஐந்தா? பல நிலைகளுள் ஒன்றைத் தேர்வதற்குச் சுழல்குமிழ் ஏற்றது. அதனால்தான் நம் நாட்டு வீடுகளில் ரெகுலேட்டர் வடிவில் அது இன்றும் வாழ்கிறது. பழைய பெட்டி ரெகுலேட்டரில் மின்தடைக் கம்பிச் சுருள் இருந்தது. வேகத்தைக் குறைத்தால், மின்னாற்றலின் ஒரு பகுதி அக்கம்பியில் வெப்பமாக வீணாயிற்று. பெட்டியைத் தொட்டால் சுடும். இன்றைய படிநிலை ரெகுலேட்டரில் மின்தேக்கிகள் அவ்வேலையைச் செய்கின்றன. வெப்பமாகும் ஆற்றல் மிகக் குறைவு.

ஒவ்வொரு நிலையிலும் குமிழ் 'டக்' என்று நிற்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? உள்ளே விசையூட்டப்பட்ட சிறு பகுதி ஒன்று அடுத்தடுத்த பள்ளங்களில் விழுவதே அதற்குக் காரணம். இரு நிலைகளுக்கு இடையே குமிழ் தங்கிவிடாமல் அது காக்கிறது. கண்ணால் எண்ணைப் பார்க்காமலே, ஒலியை எண்ணி வேகத்தை அறியவும் உதவுகிறது.

6. குறை எங்கே?

இனி ஆச்சியிடம் திரும்புவோம். வழவழப்பான உருண்டைக் குமிழைத் திருப்ப, கை இரு வேலைகளைச் செய்ய வேண்டும்: வழுக்காமல் இறுகப் பற்ற வேண்டும், பிறகு திருப்பவும் வேண்டும். விரல்களில் வியர்வை இருந்தால் இன்னும் இறுக்க வேண்டும். மூட்டுவலி உள்ளவருக்குத் திருப்புவதைவிட இறுக்குவதே பெருந்துன்பம்.

சிறகுபோன்ற கைப்பிடியோ இறுக்கத்தைக் கேட்பதில்லை. விரலின் பக்கத்தாலோ உள்ளங்கை ஓரத்தாலோ தள்ளினாலே திரும்பும். அதன் இரண்டாம் பயன் இதுவே. மேலும், 3 செ.மீ. குறுக்களவுள்ள குமிழின் விளிம்பில் தேவைப்படும் விசையில் பாதியே, 6 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் முனைகளில் போதும். விசையின் திருப்புத்திறன் பற்றி அறிவியல் பாடத்தில் நீங்கள் கற்றது இதுதான்.

அம்மாணவி இதனைப் படமாக வரைந்து தன் தந்தையிடம் காட்டினாள். அவர் மின்பணியாளரை அழைத்தார். அவர் வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய குமிழைக் கழற்றி, அதே அச்சுக்குப் பொருந்தும் சிறகுக் குமிழைப் பொருத்தினார். சில நிமிட வேலைதான்.

அன்றிரவு அவள் படுக்கையில் விழித்தே கிடந்தாள். இருளில் ஆச்சி எழுந்து செல்லும் அரவம் கேட்டது. பிறகு, டக்... டக்... டக். மூன்று ஒலிகள். காற்று விரைந்து வீசியது. பனையோலை விசிறி தலையணை ஓரத்தில் ஓய்வாகக் கிடந்தது.

மறுநாள் வகுப்பில் தன் வினாவுக்கு அவளே விடை கூறினாள்: "கையில் குறையில்லை ஐயா. அந்தக் குமிழைச் செய்தவர் ஆச்சியின் கையை நினைக்க மறந்துவிட்டார்."

எச்சரிக்கை: சுவரில் பொருத்திய சுவிட்சையோ ரெகுலேட்டரையோ நீங்களாகத் திறக்கக் கூடாது. ஈரக் கையால் தொடவும் கூடாது.

சொல்லும் பொருளும்

தொடுமுனை – மின்னோட்டம் பாயத் தொட்டுக்கொள்ளும் உலோக முனை
மின்வில் – காற்றிடைவெளியில் பாயும் மின்னோட்டத்தால் எழும் சுடர்
அரவம் – ஒலி
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
கிடைமட்டம் – படுக்கை நிலை

சொல் அறிவோம்

தமிழ்நாட்டில் பேச்சில் சுவிட்சு என்கிறோம். இலங்கைத் தமிழர் ஆளி என்பர். கணினித் திரையில் 'சொடுக்குக' என்று காண்கிறோம். சொடுக்கு, சொடக்கு ஆகிய சொற்களை உங்கள் வீட்டில் எந்தெந்தப் பொருளில் வழங்குகிறார்கள் எனக் கேட்டறிக.

மொழிப்பயிற்சி

'சுழல்குமிழ்' என்பது சுழன்ற குமிழ், சுழல்கின்ற குமிழ், சுழலும் குமிழ் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். இவ்வாறு காலம் மறைந்து வரும் தொடர் வினைத்தொகை எனப்படும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு, தொடுமுனை ஆகியவற்றை மேற்கண்டவாறு விரித்து எழுதுக.

வினாக்கள்

1. தொடுமுனைகள் மெல்லப் பிரிந்தால் நேரும் தீமை யாது?
2. சுழல் சுவிட்சின் இயக்கம் சொடக்குப் போடுவதை எவ்வாறு ஒத்துள்ளது?
3. விளக்குக்கும் மின்விசிறிக்கும் வெவ்வேறு வகைச் சுவிட்சுகள் பொருந்துவது ஏன்?
4. ஆச்சி பேத்தியை எழுப்பாமல் இருந்தது பற்றி உங்கள் கருத்து யாது?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டில் முதியோர் ஒருவரிடம், கையாள்வதற்குக் கடினமாக உள்ள பொருள் எது எனத் தமிழில் கேட்டறிக. குழாய், தாழ்ப்பாள், புட்டியின் மூடி என எதுவாகவும் இருக்கலாம். அதனை அவர் கைக்கு ஏற்ப எவ்வாறு மாற்றலாம் எனப் படம் வரைந்து, பத்து வரிகளில் விளக்குக. எழுதியதை முதலில் அவருக்கே படித்துக் காட்டுக.