வலையில் வந்த பாம்பு

கரையோர ஊர்களில் பாம்பைப் பற்றி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நம்பிக்கைகள் சேர்ந்தே உலவுகின்றன. தண்ணீரில் நெளிவதெல்லாம் விஷம் என்பது ஒன்று. கடல் பாம்புக்கு வாய் சிறிது, அது கடிக்காது என்பது இன்னொன்று. முதலாவதால் பாம்பு சாகிறது. இரண்டாவதால் மனிதர் சாகலாம்.

பழவேற்காட்டு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர் பெண்களுக்கு இது வெறும் கதையல்ல. சோழமண்டலக் கரையின் காயல் சேற்றில் வாழும் நாய்முக நீர்ப்பாம்புக்கு விஷப்பல் வாயின் பின்பக்கம், விஷமும் மிதமானது. மீனைத் தின்று பிழைக்கும் அது மனிதரைக் கொல்வதில்லை. அரம்போல் சொரசொரப்பான தோல் தொளதொளவென்று தொங்கும் இன்னொரு உப்புநீர்ப் பாம்புக்கு விஷமே கிடையாது. இரண்டையும் கண்ட இடத்தில் அடித்துப் போடுவது வீண் கொலை.

வாலைப் பாருங்கள். கடல் பாம்பின் வால் இருபுறமும் அழுந்தித் துடுப்பாக இருக்கும். நாய்முகத்தின் வால் உருண்டு கூம்பும். சந்தேகம் வந்தால் கடல் பாம்பு என்றே வைத்துக்கொள்வது உயிருக்கு நல்லது.

ஏனென்றால் ‘கடிக்காது’ என்பது முழுப் பொய். வலைகடியன் என்று மீனவர்கள் அழைக்கும் கொக்கிமூக்குக் கடல் பாம்பு கடலோடு நிற்பதில்லை. முகத்துவாரம் வழியே கழிமுகங்களுக்கும் காயல்களுக்கும் வரும். மூக்கு நுனி கீழ்நோக்கி வளைந்து தாடைக்கு மேல் தொங்கும். விஷப்பல் முன்னால்தான், குட்டையாக. அதன் இரை கெளிறும் பேத்தையும். முள்ளோடு முழுக் கெளிற்றை விழுங்கும் வாய்க்கு நம் விரல் எம்மாத்திரம்!

கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. மீன்முள் குத்தியதாக நினைத்து வேலையைத் தொடர்வார்கள். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசைவலி, தாடை இறுக்கம், பிறகு சிறுநீர் கறுத்துப் போகும். விஷம் தசையைச் சிதைக்கிறது. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. மூச்சுத் தசைகளும் தளரலாம்.

‘ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறதே’ என்ற நிம்மதியும் இங்கே உதவாது. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுப்பது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்து. நம் நாட்டு விஷமுறி மருந்து இந்த நான்குக்குத்தான். ஆஸ்திரேலியாவில் கடல் பாம்புக்கென்றே மருந்து தயாரிக்கிறார்கள். நம் கரையில் அது வழக்கமாகக் கிடைப்பதில்லை. ஆகவே கடிபட்டவரை அசையவிடாமல், கட்டுப் போட்டு இறுக்காமல், கீறாமல், மூச்சுக்கருவியும் டயாலிசிஸும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். ‘கடல் பாம்பு’ என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாம்பையும் காக்க வேண்டும் என்றால், ‘வலைக்கு வலை வருகிறது, குறைந்தா போய்விடும்?’ என்பார்கள். கடல் பாம்பு காற்றைச் சுவாசிப்பது. இழுவலையில் நெடுநேரம் அடைபட்டால் மூழ்கிச் சாகும். எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் உள்ளது என்று மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் வலைகடியன் ‘கவலை குறைந்தது’ என்றே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலுக்காக மதிப்பிட்ட கடல் பாம்பினங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ‘தரவு போதாதவை’. எந்தப் பாம்பு எங்கே வாழ்கிறது என்று காட்டும் வரைபடத்தில் வெற்றிடம் இருந்தால் பாம்பு இல்லை என்று பொருளல்ல, யாரும் குறித்து வைக்கவில்லை என்றும் இருக்கலாம். கோவா, மால்வண் கரைகளில் மீன்வலைகளில் சிக்கியவற்றைக் கணக்கெடுத்தபோதுதான், முன்பு அதிகம் கிடைத்த ஓர் இனம் பின்தங்கி வலைகடியன் முந்திவிட்டது தெரிந்தது. காட்டுப் பாம்பைத் தேட ஆய்வாளர் காடேற வேண்டும்; கடல் பாம்பின் இருப்பிடத்தை மீனவர்தான் முதலில் அறிகிறார். அந்த அறிவு பதிவாகாமல் கரையிலேயே காய்ந்துபோவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

ஒரு போன் படம், தேதி, எந்த வலை, எவ்வளவு ஆழம், உயிரோடு இருந்ததா: இவ்வளவு போதும், வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடல் பாம்புகளைக் காக்கிறது. வலையில் வந்த பாம்பை நீண்ட கம்பால் தூக்கித் தண்ணீரில் விட்டுவிடலாம். வெறுங்கை வேண்டாம். செத்ததுபோல் கிடப்பதும் கடிக்கும்.