இடம்பெயர்ந்த இளையோருக்கு ஒத்திகையும் கிளித்தட்டும்

1994இல் பளையில் பிறந்த ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2000 ஏப்ரலில் ஆனையிறவுச் சமர். ஆறு வயதில் முதல் இடப்பெயர்வு. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஊர் திரும்புதல். 2006 ஆகஸ்டில் முகமாலையில் மீண்டும் சண்டை மூள, பன்னிரண்டு வயதில் கிளிநொச்சிப் பக்கம். 2009 மே மாதம் போர் முடிந்தபோது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். அப்போது வயது பதினைந்து.

இப்படியான பிள்ளைகளுக்கு நாம் என்ன கொடுத்தோம்? தறப்பாள், அரிசி, பருப்பு. சின்னஞ்சிறுசுகளுக்கு ஒரு விளையாட்டுக் கொட்டிலும் போட்டுக் கொடுத்தோம். பதின்ம வயதினர் மட்டும் இடையில் விழுந்துபோயினர். பையன்கள் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். பெண்பிள்ளைகளைத் தாய்மார் கூடாரத்தை விட்டு வெளியே விடவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பதுங்கியவர்களும், அவசரமாகத் திருமணம் செய்து வைக்கப்பட்டவர்களும் இந்த வயதினரே.

இவர்கள் இழந்தவற்றுள் பெரியது ‘நாளை’ என்பது. அதனாற்றான் ஒருநாள் விளையாட்டுப் போட்டியால் அதிகம் பயனில்லை என்கிறோம். நாட்டுக்கூத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணாவியார் ஒருவர் பாட்டும் ஆட்டமும் பழக்கி மேடையேற்ற மாதங்கள் செல்லும். நாளைக்கும் ஒத்திகை உண்டு, நாம் போகாவிட்டால் மற்றவன் தனித்து நிற்பான் என்ற எண்ணமே பிள்ளையை எழுப்பி நடத்தும். முகாமில் வேலையற்று இருக்கும் அண்ணாவிமாருக்கும் அது மருந்து.

மட்டக்களப்பில் 1996இல் இயேசுசபைக் குரு போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா நமக்கு நல்ல பாடம். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கு சேர்ந்து களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் ஈடுபட்டனர். “நீ கண்டதை வரை” என்று எந்தப் பிள்ளையையும் நெருக்கக் கூடாது. குண்டுவிமானத்தை வரைகிறவன் வரையட்டும். மாம்பழத்தை வரைகிறவனை விட்டுவிடுவோம். வருகிற பிரமுகருக்கு முன்னால் பிள்ளைகளை ஆடவைக்கும் வழக்கத்தையும் நிறுத்தலாம். அது பிரமுகருக்கான பொழுதுபோக்கு.

கிளித்தட்டுக்குப் பந்தும் வேண்டாம், பணமும் வேண்டாம். மணலில் கோடு கீறினால் போதும். ஆனால் பளை, முகமாலைப் பக்கங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. இத்தகைய இடங்களில் துப்புரவானது என உறுதிசெய்யப்பட்ட நிலத்தில்தான் கோடு கீற வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு வீட்டுவேலை முடியும் நேரத்தைத் தாய்மாரிடமே கேட்டு, இருட்டுமுன் வீடு சேரும்படி ஒழுங்கு செய்க. எந்த விளையாட்டு என்பதை இளையோரே தீர்மானிக்கட்டும்.

ஓரமாக நின்று பார்ப்பவர்களை உள்ளே இழுக்க வேண்டாம்; புள்ளி எழுதும் வேலையைக் கொடுக்கலாம். வாரக்கணக்காய் உறக்கமின்றி, யாரோடும் பேசாமல் இருப்பவரை மட்டும் விளையாட்டோடு விட்டுவிடாது, பெற்றோருடன் பேசி மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்க.