வலிப்பு நோயும் தாவர மருந்துகளும்

“மாத்திரையோடு மூலிகையும் கொடுக்கலாமா?” வலிப்பு நோய்ப் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது.

தாவரங்களில் வலிப்பைத் தணிக்கும் பொருள்கள் உண்டு என்பது உண்மையே. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கப்படும் கன்னாபிடையால் போதை தராதது. குழந்தைப் பருவத்தில் தொடங்கும் டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ எனப்படும் கடுமையான வலிப்பு நோய்களுக்கு 2018ஆம் ஆண்டு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதற்கு ஒப்புதல் அளித்தது. ஆய்வுகளில் பலருக்கு வலிப்பு குறைந்தது. முற்றிலும் நின்றவர்கள் சிலரே. அவர்களும் வழக்கமான மாத்திரைகளை விட்டுவிடவில்லை. கஞ்சாச் செடியோ, அளவு தெரியாத எண்ணெயோ அதற்கு ஈடாகாது.

உடலில் செயலாற்றும் பொருள் பிற மருந்துகளின் அளவையும் மாற்றக்கூடும். கன்னாபிடையாலைக் குளோபசாமுடன் கொடுத்தால் உறக்கம் மிகும். வால்புரோயேட்டுடன் கொடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். அவ்வளவு தொலைவு போவானேன்? நம் வீட்டு மிளகிலுள்ள பைப்பரின், இரத்தத்தில் ஃபெனிடோயின் அளவைக் கூட்டுகிறது. வழக்கமாக உண்ணும் ரசத்தை நிறுத்துமாறு நாங்கள் கூறவில்லை. புதிதாகத் தொடங்கும் மிளகு, திப்பிலிச் சூரணங்களையே குறிப்பிடுகிறோம். அவற்றைத் தொடங்கியபின் நடையில் தள்ளாட்டமோ இரட்டைப் பார்வையோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்; ஃபெனிடோயின் அளவை இரத்தப் பரிசோதனையில் அறியலாம்.

கற்பூரம் வலிப்பையே தூண்டக்கூடியது. சளிக்கென்று அதைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது.

மூலிகை உண்பதை எங்களிடம் மறைக்க வேண்டா. நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். அடுத்த முறை வரும்போது சூரணப் பொட்டலத்தையும் மருந்துச் சீட்டோடு எடுத்து வாருங்கள். அதுவரை ஒருவேளை மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டா. திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.